அறுந்த பாவில் எஞ்சிய இழை

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிராத அங்கத்தினர் நம்முள் சிலரே இருப்பர். புதுவையினின்றும் வடக்கே கடற்கரைச் சாலையில் செல்வோர்க்குக் கழுவெளியின் நீர்ப்பரப்பும், பக்கிங்காம் கால்வாயும், அவற்றை ஒட்டிச் சதுரம் சதுரமாய்ப் பரந்து கிடக்கும் பாத்திகளும், கரையோரம் குவித்துக் கீற்றால் மூடிய வெண்மையான உப்பு அம்பாரங்களும் கண்ணுக்குப் பழகிய காட்சியே. மழை ஓய்ந்து தை, மாசி பிறந்ததும் சேற்றைக் காலால் மிதித்துப் பாத்திகளை இறுக்குவதும், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய்ச்சுவதும் தொடங்கும். இந்த வேலையில் ஒரு சிறு கருவி உண்டு. கண்ணாடியாலான மிதவை; கழுத்தில் கோடுகள். நீரில் விட்டால் அடர்த்திக்கு ஏற்ப உயர்ந்து நிற்கும். ஏறக்குறைய 25 பாகையை எட்டினால் உப்பு படியத் தொடங்குகிறது. 30ஐ நெருங்க விட்டுவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். அதற்குள் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

நீரைப் பார்த்தால் அதன் அடர்த்தி புதியவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிதவை அதைத் தெரிவிக்கிறது. தெரிந்ததும் கை அதற்கேற்ப மடையைத் திறக்கிறது, அடைக்கிறது. சில பருவங்கள் சென்றபின் அதே மனிதன் மிதவையைத் தொடாமலே, நீரின் நிறத்தையும் விரலிடையே அதன் பிசுபிசுப்பையும் கொண்டு சரியாகச் சொல்லிவிடுகிறான். கருவி கற்றுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பொருள் உப்பு அன்று. ஆனால் உப்பளத்து மிதவையை அறிந்தவர்க்கு அப்பொருள் எளிதில் விளங்கும்.

முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர்களுக்கு, அவர்கள் தசையில் எஞ்சியிருக்கும் மிக நுண்ணிய மின்குறிகளைக் கருவியால் பிடித்து அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் காட்டி, இழந்த அசைவை மீண்டும் பயிற்றுவிக்கும் முறை ஒன்று உண்டு. ஆங்கில மருத்துவர்கள் அதனை ‘பயோஃபீட்பேக்’ என்பர். நெசவுக்கும் வேளாண்மைக்கும் நடத்தப்பெறும் இவ்வேட்டில் இது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பனையேறுபவரும், கிணறு வெட்டுபவரும், வைக்கோல் வண்டியின் உச்சியில் அமர்ந்து வருபவரும், உப்புச் சுமையுடன் ஒற்றையடி வரப்பில் நடப்பவரும் நம் குடும்பத்தவரே. கடற்கரைச் சாலையில் இரவில் இருசக்கர வண்டியில் திரும்பும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. விழுந்தவர்களின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். அதன்பின் நடப்பதை மட்டும் நாம் பேசுவதில்லை.

எமக்கு ஒரு நினைவு உண்டு. பல ஆண்டுகட்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், இப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். ஓடிச் சென்ற நால்வர் அவரைக் கைக்கு ஒருவரும் காலுக்கு ஒருவருமாகப் பற்றித் தூக்கினோம். தூக்கியதும் இடுப்பு தொட்டில்போல் மடிந்து தொங்கியது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினோம். நல்லது செய்கிறோம் என்ற எண்ணமே எம் உள்ளத்தில் இருந்தது. கீழே விழுந்தபோது கால் விரலை அசைத்ததாக அவர் தாயார் பிற்பாடு பலமுறை கூறினார். வண்டி ஏறியபின் அவர் எதையும் அசைக்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அவர் இறந்தார். முதுகு முறிந்ததால் அன்று. முதுகில் உண்டான புண்ணால். அவர் காலைப் பற்றித் தூக்கியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இங்கே மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

தண்டுவடம் என்னும் பாவு

முதுகெலும்பு வேறு; அதனுள் ஓடும் தண்டுவடம் வேறு. எலும்பு கோத்த மணிபோன்ற கூடு. வடம் அக்கூட்டினுள் மூளையின் அடியிலிருந்து இறங்கி இடுப்பின் மேற்பகுதிவரை வரும் நரம்புக் கற்றை. வளர்ந்த மனிதனிடத்து அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். பருமன் சுண்டுவிரல் அளவே. அந்தச் சுண்டுவிரல் பருமனுள் மேலிருந்து கட்டளை கொண்டுசெல்லும் இழைகளும், கீழிருந்து செய்தி கொண்டுவரும் இழைகளும் பாவு நூல்போல் நெருங்கிக் கிடக்கின்றன. கழுத்தில் அடிபட்டால் கையும் காலும், நடுமுதுகில் அடிபட்டால் காலும் போகின்றன. அவற்றோடு சிறுநீர், மலம் இவற்றின் கட்டுப்பாடும், தோலின் உணர்ச்சியும், வியர்வையும்கூடப் போகின்றன. கால் அசையாமை வெளியில் தெரிவது. ஏனையவை உள்ளிருந்து கொல்பவை.

தறியில் அமர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாவு முழுவதும் அறுந்துபோவது அரிது. அச்சு இடித்தோ, பலகை நழுவியோ ஓரிடத்தில் கொத்தாக இழைகள் அறுந்தாலும், ஓரங்களில் சில இழைகள் நின்றிருக்கும். தண்டுவடத்திலும் அப்படியே. வெட்டுப்பட்டதுபோல் முற்றிலும் துண்டாவது குறைவு. நசுங்குவதும், வீங்குவதும், இரத்தமின்றி வாடுவதுமே மிகுதி. மருத்துவர் சோதிக்கும்போது அசைவும் உணர்ச்சியும் இல்லை என்று கண்டு ‘முழு முறிவு’ என்று எழுதிய சிலரிடத்தும் உள்ளே சில இழைகள் அறாது நிற்கக்கூடும் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. நின்ற இழைகள் சில. அவற்றின் வழியே வரும் கட்டளை மெல்லியது. தசை அசையும் அளவுக்கு அது போதவில்லை. அசைவு தெரியாததால் மனிதன் முயல்வதை நிறுத்திவிடுகிறான். முயலாத வழி மேலும் தூர்ந்துபோகிறது. நீர் விடாத கால்வாய் எத்தனை நாள் கால்வாயாக இருக்கும்?

நெசவுத் துணைப்பெயர் ஒன்றை மட்டும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். அறுந்த பாவு நூலைப் பிணைத்துவிடலாம். அறுந்த வட இழையைப் பிணைக்கும் வித்தை இன்னும் எவருக்கும் கைவரவில்லை. பின்வரும் பயிற்சி முறை நின்ற இழையை வேலை வாங்குவதே அன்றி, அறுந்ததை ஒட்டவைப்பது அன்று.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

கருவியைப் பற்றிச் சொல்வதற்குமுன், உயிர் பிழைத்திருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய எகிப்திய வைத்திய ஏடு ஒன்று கழுத்தெலும்பு முறிந்தவனைப் பற்றி, சிகிச்சை செய்யத்தகாத நோய் என்று எழுதி வைத்தது. இரண்டாம் உலகப் போர் வரையிலும் அக்கூற்று ஏறக்குறைய மெய்யாகவே இருந்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், ஜெர்மனியிலிருந்து அகதியாய் வந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் போரில் முதுகு முறிந்த வீரர்களைத் தம் பொறுப்பில் ஏற்றார். அவர் செய்த பெரிய சிகிச்சை எது தெரியுமா? இரவென்றும் பகலென்றும் பாராது இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைத்தார். சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றச் செய்தார். புண் வராததால் அவர்கள் பிழைத்தனர். பிழைத்ததால் வேலை கேட்டனர். 1948இல் அவர்கள் சக்கர நாற்காலியிலிருந்து வில்லெய்து போட்டியிட்டதே பின்னாளில் உலகப் பாராலிம்பிக் போட்டிகளாக வளர்ந்தது.

நம் நாட்டில் இப்பணியின் வரலாறு ஒரு பெண்மணியின் வரலாறே. மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்துச் செராயில் பிறந்தவர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானவர். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர் சிலருடன் உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்தார். முகமும் பெருங்காயம் அடைந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. இனி மருத்துவத் தொழிலே இல்லை என்று அவரும் எண்ணிய வேளையில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற பால் பிராண்ட், கை அறுவை உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலைதானே என்றார். அவ்வாறே மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளர் கைகளைச் சீராக்கலானார். தம் கால் எழாத ஒருவர் பிறர் கைகளை எழச் செய்தார் என்பது நாம் புனைந்துரைப்பது அன்று.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் கற்று, 1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. உள்ளுறை நோயாளிகளுக்கென்று இந்நாட்டில் எழுந்த முதல் நிலையம் அது என்பர். 1972இல் அரசு பத்மஸ்ரீ அளித்தது. 1986இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் இன்றும் முதுகு முறிந்தவர்களும் அவர்களுடன் வந்த உறவினர்களும் பயிற்சி பெறுகின்றனர். உறவினருக்குப் பயிற்சி என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். வீட்டுக்குச் சென்றபின் இரவு இரண்டு மணிக்குப் புரட்டிவிடப்போவது மருத்துவர் அல்லர்.

தென்கோடியில் இன்னொருவர். ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1976இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்பயிற்சிக்கிடையே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை செய்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தே 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தென்காசிச் சீமையில் இன்று அது பெரிய ஆலமரம். தண்டுவடம் சிதைந்தவர்களுக்கெனத் தனி மறுவாழ்வுப் பிரிவும் அங்கே உண்டு. 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நடக்கக் கற்றுக்கொண்டு அவர் இதைச் செய்யவில்லை, நடக்காமலே செய்தார். அசைவை மீட்கும் கருவியைப் பற்றிப் பேசப்போகும் நாம் இதனை முதலிலேயே கூறிவிடுவது நேர்மை.

கருவி செய்வது யாது?

தசை சுருங்கும்போது அதில் மின்னோட்டம் தோன்றுகிறது. அதன் அளவு மைக்ரோவோல்ட் கணக்கில். அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கொண்டு எண்ண வேண்டும். கைவிளக்கில் போடும் மின்கலம் ஒன்று ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் நுண்மை விளங்கும். தோலின்மேல் சிறு வட்டமான மின்முனைகளை ஒட்டி, அக்குறியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித் திரையில் கோடாகவோ, ஒலியாகவோ காட்டலாம். தசை கண்ணுக்கு அசையாதிருந்தாலும் உள்ளே ஒரு சில நார்கள் துடித்தால் போதும். கோடு எழும், ஒலி கேட்கும்.

நோயாளியை உட்காரவைத்து, முழங்கையை நீட்டும் தசையின்மேல் மின்முனைகளை ஒட்டி, ‘கையை நீட்டுங்கள்’ என்கிறார் பயிற்சியாளர். கை நீளவில்லை. ஆனால் திரையில் கோடு ஒரு நூலிழை உயர்ந்து தாழ்கிறது. ‘இப்போது என்ன எண்ணினீர்களோ அதையே மறுபடி எண்ணுங்கள்.’ மீண்டும் உயர்கிறது. எட்ட வேண்டிய அளவைத் திரையில் ஒரு குறியாக வைத்து, எட்டியதும் அதைச் சிறிது உயர்த்துகிறார். நூறு முறை, ஆயிரம் முறை. உடம்பிலிருந்து வரவேண்டிய ‘சரி, தவறு’ என்னும் செய்தி அறுந்துபோன இடத்தில், கண்ணும் காதும் அந்தச் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. நாம் முதலில் சொன்ன மிதவையின் வேலை இதுவே. பயிற்சி முதிர்ந்தால் கருவியின்றியே அந்த முயற்சியைச் செய்ய வேண்டும். இல்லையேல் அது திரை விளையாட்டு மட்டுமே.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதுகு முறிந்தவர்க்குக் கால்கள் தாமாக விறைத்து உதறுவது வழக்கம். வீட்டார் அதைக் கண்டு ‘கால் வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து தேங்காய் உடைப்பர். அது மூளையின் கட்டளை அன்று; கட்டளை இல்லாததால் வடத்தின் கீழ்ப்பகுதி தன் போக்கில் ஆடுவது. அவ்விடத்தில் கோட்டைத் தாழ்த்தப் பயில வேண்டும். உயர்த்தவும் தாழ்த்தவும் தெரிந்தால்தான் அசைவு என்று பெயர். தறியில் ஒரு மிதியை அழுத்தும்போது மறு மிதியை விடாவிட்டால் பாவு திறக்குமா?

கருவிக்கும் கோளாறுகள் உண்டு. பக்கத்துத் தசையின் குறியைப் பிடித்து நோயாளியையும் பயிற்சியாளரையும் ஏமாற்றும். வியர்வையில் மின்முனை நழுவும். அறையிலுள்ள மின்கம்பியின் இரைச்சலைத் தசையின் குரல் என்று காட்டும். இதனால் பழகிய கை இன்றிக் கருவி மட்டும் வாங்கி வைப்பது பயன்படாது.

இம்முறையின் பிறப்பைச் சுருங்கக் கூறுவோம். 1960இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் மரினாச்சி, ஒராந்தே என்னும் இருவர், தசைமின் ஒலியை நோயாளிக்கே கேட்கச் செய்து பயிற்றலாம் என்று எழுதினர். 1963இல் கனடாவின் ஜான் பஸ்மாஜியன், சாதாரண மனிதர் தம் தசையின் தனித்தனி நரம்பலகையே ஒலியைக் கேட்டு இயக்கவும் நிறுத்தவும் கற்கின்றனர் என்று காட்டினார். அதைப் படித்த அறிஞருலகம் வியந்தது. நியூயார்க்கில் நீல் மில்லர் என்னும் உளநூலாரிடம் பயின்ற பெர்னார்ட் பிரக்கர், முதலில் வேறொரு வழியில் சென்றார். முதுகு முறிந்தவர்கள் எழுந்து அமர்ந்ததும் இரத்த அழுத்தம் விழுந்து மயங்குவதுண்டு. அழுத்தத்தை அளந்து அவர்களுக்கே உடனுக்குடன் தெரிவித்தால், அவர்கள் தம் எண்ணத்தால் அதனை உயர்த்தக் கற்கின்றனர் என்று இருவரும் 1970களில் காட்டினர். பிறகு பிரக்கர் மயாமி நகரில் தசைப் பயிற்சியில் இறங்கினார். கழுத்தில் அடிபட்டு நெடுநாள் சென்ற 100 பேரிடம் முழங்கையை நீட்டும் தசையின் மின்குறி இப்பயிற்சியால் உயர்ந்ததென்று 1996இல் வெளியிட்டார். நெடுநாள் சென்றவர்கள் என்பதில் பொருள் உண்டு. அடிபட்ட முதல் சில மாதங்களில் உடம்பு தானாகவே ஓரளவு மீள்வது இயல்பு. அக்காலத்தில் எந்தச் சிகிச்சை செய்தாலும் அதற்கே புகழ் சேரும்.

இங்கே ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. மின்குறி உயர்ந்தது என்பது வரவு. ஆனால் அந்தக் கையால் சோற்றுக் கவளத்தை எடுக்க முடிந்ததா என்பதே இருப்பு. அதே மயாமி நகரில் குளோஸ் என்பவரும் துணைவரும் 1990களில், வழக்கமான உடற்பயிற்சியோடு இக்கருவிப் பயிற்சியைச் சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்டபோது, கருவியால் தனிப்பட்ட பெரிய நன்மையைக் காணவில்லை. இரு கூற்றுகளும் ஒரே ஊரில் எழுந்தவை. எமக்குத் தோன்றுவது இது: சில இழைகள் நின்றவர்க்கு, நல்ல பயிற்சியாளர் கையில், அன்றாடக் காரியத்தோடு இணைத்துச் செய்யப்பட்டால் இது உதவும் துணை, தனி வைத்தியம் என்று விற்கப்பட்டால் ஐயுற வேண்டிய சரக்கு. கழுத்து முறிந்தவருக்கு முழங்கை நீளுவது சிறிய காரியம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. முழங்கை நீண்டால் உடம்பை ஊன்றி உயர்த்தலாம். ஊன்றி உயர்த்தினால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாமே மாறலாம். பிட்டத்தில் புண் வராது. உயிர் அந்த ஒரு தசையில் தொங்கிக் கொண்டிருக்கிறது.

இன்று இக்கருவிகள் சிறுத்துவிட்டன. அண்மையில் தோலின்மேல் மின்தூண்டல் கொடுத்துக்கொண்டே கைப்பயிற்சி செய்யும் முறை ஒன்றை 60 பேரிடம் சோதித்து, நால்வரில் மூவருக்குச் சற்றுக் குறைவானோர் பயனடைந்ததாக 2024இல் அறிவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அதனை விற்க இசைந்தது. நம் பக்கத்திலும் வெறுங்கையாய் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூரின் உயிர்ப்பொறியியல் துறையும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்னும் கைப்பயிற்சிப் பொறியை ஆக்கியுள்ளன. அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனின் குழுவினர் உருவாக்கிய, அமர்ந்தவரை நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019இல் வெளிவந்தது.

நம் ஊரிலிருந்து போகும் வழி

விழுந்தவரைத் தூக்கும் முறையைப் பற்றி மீண்டும் எழுதாமல் இருக்க எம்மால் இயலவில்லை. மூச்சு இருந்து, தீ, நீர் போன்ற உடனடி அபாயம் இல்லையெனில், அவரை அசைக்காதீர். உட்காரவைக்காதீர். தண்ணீர் புகட்டாதீர். தலையையும் கழுத்தையும் ஒருவர் இரு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, 108க்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த வண்டி 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், நான்கைந்து பேர் ஒரே சொல்லுக்கு, மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடம்பு முறுகாமல் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். கதவுப் பலகை போதும். கயிற்றுக் கட்டில் ஆகாது, குழிந்துவிடும்.

2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில், நமக்கு அண்மையிலேயே, ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. சாலை விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை. பனையிலிருந்து விழுந்தவர் இதில் வரார். அவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையே துணை. ஆதலின் அட்டையைப் பெட்டிக்கு அடியில் வையாமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறோம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுவை ஜிப்மரும் நமக்கு அருகில் உள்ள பெரிய மருத்துவமனைகள். எலும்பு கூடியபின் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவதே நம் பக்கத்து வழக்கம். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூரைப் பற்றிக் கூறினோம். வீடு திரும்பியவர்க்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியே உடற்பயிற்சியாளர் வீட்டுக்கே வருவதற்கு வழி உண்டு, கேட்டால்தான் வருவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அடையாள அட்டை பெற்றுவிட்டால் உதவித்தொகை, நாற்காலி முதலியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

கை இருக்கும் இடத்தில் கையை நம்பிப் பணம் பறிப்பவரும் இருப்பர். இத்தனை அமர்வில் நடக்கவைக்கிறேன் என்று உறுதி கூறுபவரிடம் அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் வடம் முளைக்கும் என்பாரும் உளர். அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே தண்டுவடத்துக்கு அதனைச் சிகிச்சையாகத் தரலாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்குவது முறையன்று. தறியையும் அரைக் காணி நிலத்தையும் விற்று இத்தகைய ஊசிக்குச் செலவிட முனைபவர்கள் அதற்குமுன் ஒருமுறை வேலூருக்கோ கே.கே. நகருக்கோ சென்று கேட்டுவிட்டு விற்கட்டும்.

நெசவு வீட்டில் இத்துன்பம் நேர்ந்தால் தறி என்னாகும் என்று கேட்கலாம். குழித்தறிக்குக் காலின் வேலையும் இன்றியமையாதது. மிதிக்கக் கால் இல்லாதவர் அதில் அமரல் ஆகாது. குழியின் விளிம்பு உணர்வற்ற தொடையை அறுத்துப் புண்ணாக்கிவிடும். ஆனால் தார் சுற்றுதலும், பாவுக் கணக்கும், வடிவம் வரைதலும், சங்கத்துக் கணக்கெழுத்தும் கையின் வேலையே. நிலமுள்ளவர்க்கு நாற்றங்காலும் விதைத் தேர்வும் விற்பனையும் உண்டு. உப்பளத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: உணர்வற்ற பாதம் உவர்நீரிலும் சுடுமணலிலும் வெந்தாலும் வெந்தவர் அறியார். அவரை வரப்போரம் அமர்த்திக் கணக்கு எழுதச் செய்வோர் காலடியில் நிழலும் சாக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து காற்றடைத்த மெத்தை ஒன்றும் சக்கர நாற்காலி ஒன்றும் வாங்கி, தேவைப்படும் அங்கத்தினர் குடும்பத்துக்கு வாடகையின்றித் தவணை முறையில் மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியுள்ளோம். அதை எழுதிக்கொண்டிருக்கையில்தான் வேறொன்று கண்ணில் பட்டது. நமது அலுவலகத்துக்கு வாசலில் மூன்று படிகள். வாயிற்கதவின் அகலம் இரண்டடி மூன்றங்குலம். நாற்காலியை வாங்கினாலும் அதில் அமர்ந்த அங்கத்தினர் பாவுநூல் வாங்கவோ, பங்குப் பணம் கட்டவோ உள்ளே வரமுடியாது. படியின்மேல் சாய்தளம் அமைக்கவும் கதவை மாற்றவும் கொத்தனாரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். அது வந்ததும் மெத்தை, நாற்காலி விண்ணப்பத்தோடு சேர்த்துக் குழுவின் முன் வைக்கப்படும்.